டிராகனைட்டில் எதுவும் மாறவில்லை, ஆனால் அடி இறங்க மாட்டேன் என்கிறது: ரெகுலேஷன் எச் சந்தேகம்

மழைக்குருவி (கேள்வி)

வணக்கம். போக்கிமான் ஸ்கார்லெட்-வயலட் வீடியோ கேமின் டபுள்ஸ் (இரண்டுக்கு இரண்டு) ஆட்டம் பற்றி ஒரு சந்தேகம். 2024 தொடக்கத்தில், ரெகுலேஷன் எஃப் (எந்தப் போக்கிமானுக்கு அனுமதி என்று சொல்லும், அவ்வப்போது மாறும் விதித்தொகுப்பு) ஓடிக்கொண்டிருந்தபோது என் டீம் இது: டிராகனைட், சியென்-பாவ், ஃப்ளட்டர் மேன், நீர் உர்ஷிஃபு, இன்சினரோர், அமூங்கஸ். லேடரில் (ஆன்லைன் தரவரிசை ஆட்டங்களில்) நன்றாகவே போனது. ரெகுலேஷன் ஜி-யை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது, 2024 செப்டம்பரில் தொடங்கிய எச்-சுக்குத் திரும்பினால் லெஜண்டரி, பாரடாக்ஸ் என்ற அபூர்வ வகைகள் எதற்கும் அனுமதி இல்லை. சியென்-பாவ், ஃப்ளட்டர் மேன், உர்ஷிஃபு மூன்றும் போய்விட்டன. பதிலுக்கு விம்ஸிகாட், பிரிமரினா, கிங்கம்பிட் போட்டேன்.

பலமானவை எல்லாம் வெளியே போனால் மிச்சம் இருப்பவை மேலே வரவேண்டும் அல்லவா? என் டிராகனைட் கீழே போகிறது. டெரா நார்மல் (ஆட்டத்தில் ஒரு முறை நார்மல் வகையாக மாறும்), சாய்ஸ் பேண்ட் (அட்டாக்கைக் கூட்டி ஒரே மூவில் பூட்டிவிடும் பொருள்), மல்டிஸ்கேல் (அதன் திறன்). முன்பு எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் அடி ஒன்று விழுந்தால் எதிரி காலி. இப்போது ஹெச்பி (உயிர்) பட்டை சிவப்பில் ஒரு நூல் அளவுக்கு நிற்கிறது, அடுத்து அது திருப்பி அடித்து என் ஆள் போய்ச் சேர்கிறது. டிராகனைட்டின் ஸ்டாட்ஸ், மூவ்ஸ் எதையும் விளையாட்டில் குறைத்ததாகத் தெரியவில்லை. அப்புறம் என்ன கோளாறு?

இவி (ஸ்டாட்ஸுக்குப் பங்கிடும் பயிற்சிப் புள்ளிகள்): அட்டாக் 252, ஸ்பீட் 220, ஹெச்பி 36. நேச்சர் அடமன்ட் (அட்டாக் கூட்டும் குணம்).

ஆறாம்விரல்

இந்த மாத யூசேஜ் (எதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற) பட்டியலில் முதல் ஆறை எடுத்துப் போடுங்கள், வேலை முடிந்தது. டிராகனைட் காலம் போச்சு.

கணக்குப்பிள்ளை

காலம் எல்லாம் போகவில்லை, ஜோடிதான் போயிருக்கிறது. உங்கள் பழைய டீமில் டிராகனைட்டின் அடி என்று நீங்கள் நினைத்தது டிராகனைட்டும் சியென்-பாவும் சேர்ந்து அடித்த அடி. சியென்-பாவின் 'ஸோர்ட் ஆஃப் ரூயின்' களத்தில் இருக்கும் மற்ற எல்லோருடைய டிஃபென்ஸையும் கால் பங்கு குறைக்கும். டிஃபென்ஸ் முக்கால் ஆனால் உடல்தாக்குதல் ஏறக்குறைய 1.33 மடங்கு விழும். அது கிளம்பியதும் அதே எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்குப் பழைய அடியில் முக்கால்தான் மிச்சம். நூல் அளவு நிற்கிறது என்றீர்களே, அந்த நூல் இதுதான்.

இதன் மேல் எதிரி இன்சினரோரின் இன்டிமிடேட்டையும் (களம் இறங்கியதும் எதிராளிகளின் அட்டாக்கைக் குறைக்கும் திறன்) போடுங்கள். அட்டாக் ஒரு படி இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு. முக்காலில் மூன்றில் இரண்டு என்றால் சரிபாதி. ஸ்டாட் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் உங்கள் டிராகனைட் பாதி டிராகனைட் ஆகிவிட்டது.

இன்சினரோர் எஃப்-பிலும் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அப்போது அதைத் தட்ட நீர் உர்ஷிஃபு இருந்தது. அதன் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று அடியும் எப்போதும் கிரிட்டிகல். கிரிட்டிகல் என்றால் அடிப்பவரின் அட்டாக் குறைவு கணக்கிலேயே வராது, ஆகவே இன்டிமிடேட் வீண். நெருப்பு வகை மேல் நீர் அடி என்பதால் வலியும் இரட்டிப்பு. அந்த ஆள் இப்போது இல்லை. இன்சினரோர் நிம்மதியாக உள்ளே வந்து, ஃபேக் அவுட் (எதிராளியை அந்த டர்னில் மிரள வைக்கும் அடி) போட்டு, பார்ட்டிங் ஷாட்டோடு வெளியே போய், மறுபடி வந்து இன்டிமிடேட் போடுகிறது. யாராவது வெளியேறும்போது, அவர் யாரை அடக்கி வைத்திருந்தார் என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

மழைக்குருவி

ஓ, சியென்-பாவை நான் வேகமாக அடிக்கும் ஐஸ் ஆளாக மட்டும்தான் பார்த்தேன். சரி, அந்த இடத்துக்கு எச்-சில் மாற்று உண்டா?

கணக்குப்பிள்ளை

நேர் மாற்று இல்லை. உங்கள் விம்ஸிகாட்டுக்கு ஹெல்பிங் ஹேண்ட் கொடுத்தால் அந்த டர்னில் துணை ஆளின் அடி 1.5 மடங்கு ஆகும், காகிதத்தில் சியென்-பாவை விட அதிகம். ஆனால் சியென்-பாவ் சும்மா நின்றாலே போதும், கூடவே அதுவும் ஒரு அடி அடிக்கும். விம்ஸிகாட் தன் டர்னையே செலவழிக்க வேண்டும், அந்த டர்னில் டெயில்விண்ட் (தன் பக்கத்து வேகத்தை இரட்டிப்பாக்கும் மூவ்) கிடையாது. அதனால் இதை நம்பி டீம் கட்டாதீர்கள், ஒரு ஆளை எப்படியும் சாய்த்தே ஆகவேண்டிய டர்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக மல்டிஸ்கேலை எடுத்துவிட்டு இன்னர் ஃபோகஸ் போடுங்கள். இன்டிமிடேட்டும் படாது, ஃபேக் அவுட்டில் மிரளவும் செய்யாது. முழு ஹெச்பியில் முதல் அடி பாதியாகும் வசதி போகும், போகட்டும்.

தேன்சிட்டு

அந்த ஸ்பீட் 220 எதற்கு? லெவல் 50-இல் உங்கள் டிராகனைட்டின் வேகம் 128 வரும். எனக்குத் தோன்றுவது, ஸ்பீடில் முழு இவி போட்ட மாடஸ்ட் (ஸ்பெஷல் அட்டாக் கூட்டும் நேச்சர்) ரேஜிங் போல்ட்டின் 127-ஐ ஒரு புள்ளியில் தாண்ட வைத்தது. சரியா?

மழைக்குருவி

அதேதான்!

தேன்சிட்டு

ரேஜிங் போல்ட் பாரடாக்ஸ், எச்-சில் கிடையாது. இல்லாத ஆளோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறது உங்கள் டிராகனைட். இப்போது களத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். முழு ஸ்பீட் போட்ட அடமன்ட் பாஸ்குலெஜியன் 130. மாடஸ்ட் கோல்டெங்கோ 136, மாடஸ்ட் ஆர்கலூடன் 137. உங்கள் 128 மூன்றுக்கும் கீழே. ஸ்பீடை 252 ஆக்கினால் 132, பாஸ்குலெஜியனை மட்டும் தாண்டும், அதுவும் மழை இல்லாதபோது. மழையில் ஸ்விஃப்ட் ஸ்விம் அதன் வேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். வேகம் கூட்டும் ஜாலி நேச்சருக்கு மாறினால் 145, மூன்றையும் தாண்டலாம், பதிலுக்கு அட்டாக் 204-இலிருந்து 186 ஆகும். நான் ஜாலிதான் போடுவேன்.

கணக்குப்பிள்ளை

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் முன்னுரிமை அடி. ஃபேக் அவுட் மாதிரி சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் முன்னால் போகும், ஸ்பீட் 1 இருந்தாலும் போகும். சாய்ஸ் பேண்ட் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் அந்த ஒன்றையேதான் அடிப்பீர்கள். அப்படியானால் அந்த 220-இல் 216-ஐ ஹெச்பிக்குத் தள்ளி ஒரு அடி கூடுதலாகத் தாங்குவதே மேல். அவுட்ரேஜையோ வேறு அடியையோ அடிக்கடி பயன்படுத்துபவர் என்றால் தேன்சிட்டு சொல்வது சரி.

இன்னொன்று: கோல்டெங்கோ, பாஸ்குலெஜியன் இரண்டும் கோஸ்ட் வகை. நார்மல் அடி படவே படாது. பாஸ்குலெஜியனைத் தட்ட கிங்கம்பிட் இருக்கிறது.

பட்டாம்பூச்சி

குறுக்கே புகுகிறேன். ஆர்கலூடன் 2023 டிசம்பரில் இண்டிகோ டிஸ்கோடு வந்த ஆள்தானே? அப்போது எதிரே அதிகம் பார்த்த நினைவில்லை. இப்போது எங்கு பார்த்தாலும் பெலிப்பரும் அதுவும்.

கணக்குப்பிள்ளை

வந்த உடனே எல்லோரும் மேலே போவதில்லை. ஆர்கலூடன் ஸ்டீல்-டிராகன், சண்டை அடியும் நில அடியும் இரட்டிப்பாக வலிக்கும். எஃப்-பில் உர்ஷிஃபு, அயர்ன் ஹேண்ட்ஸ், லேண்டோரஸ் மூன்றும் இருந்தன. எச் மூன்றையும் ஒரே வீச்சில் தூக்கிவிட்டது. எலக்ட்ரோ ஷாட்டுக்கு சாதாரணமாக ஒரு டர்ன் சார்ஜ் ஏற்ற வேண்டும். மழையில் அதே டர்னில் பாயும், ஸ்பெஷல் அட்டாக்கும் ஒரு படி ஏறும். அதனால் மழை கொண்டுவரும் பெலிப்பரும் கூடவே தரவரிசையில் ஏறியது. பெலிப்பருக்கு யாரும் ஒன்றும் புதிதாகக் கொடுக்கவில்லை, வேலை மட்டும் கிடைத்தது.

கிங்கம்பிட்டுக்கும் இதே கதைதான். சண்டை அடி அதற்கு நான்கு மடங்கு, அந்தப் பழைய சண்டைக்காரர்கள் போனது லாபம். டிஃபையன்ட் திறன் இருப்பதால் இன்சினரோர் இன்டிமிடேட் போட்டால் அட்டாக் ஒரு படி இறங்கி இரண்டு படி ஏறும். எதிரி இன்சினரோர் வைத்திருந்தால் டிராகனைட்டுக்கு முன் கிங்கம்பிட்டை இறக்குங்கள். ஸ்னீஸ்லர் எதிரே நின்றால் மட்டும் வேண்டாம், குளோஸ் காம்பேட் ஒன்றில் கதை முடியும்.

பட்டாம்பூச்சி

அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள். சிங்கிள்ஸில் (ஒன்றுக்கு ஒன்று) ஸ்மோகன் என்ற ரசிகர் தளத்தின் அடுக்குப் பட்டியலில் ஒன்று ஓயூ-விலிருந்து அதற்குக் கீழ் அடுக்கான யூயூ-வுக்கு இறங்கினால், அது பலவீனமாகிவிட்டது என்றுதான் அர்த்தமா?

தேன்சிட்டு

இல்லை. ஓயூ-வுக்கு மேலே இருக்கும் உபெர்ஸ், தடை விதித்து வைக்கும் அடுக்கு. ஓயூ-வுக்குக் கீழே பிரிப்பது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்து. எல்லைக்கோடு 4.52%. அதாவது 15 ஆட்டம் ஆடினால் ஒரு முறையாவது எதிரே பார்க்க சரிபாதி வாய்ப்பு. அதே வேலையைச் செய்யும் இன்னொருவர் வந்தால் போதும், உங்கள் ஆள் 4.52-க்குக் கீழே வழுக்கிவிடும். கீழ் அடுக்கில் போய் அங்கிருப்பவர்களைத் துவம்சம் செய்வதும் உண்டு, அப்புறம் அங்கேயும் தடை!

ஆறாம்விரல்

இவ்வளவு பேசியும் நான் சொன்னது தப்பில்லை. பட்டியலில் மேலே இருப்பவை ஜெயிப்பதால்தானே மேலே இருக்கின்றன?

கணக்குப்பிள்ளை

பட்டியல் பார்க்கலாம், ஆனால் ஆறையும் தனித்தனியாகப் பொறுக்க வேண்டாம். பெலிப்பர் இல்லாமல் ஆர்கலூடனை எடுத்தால் மழைக்குருவியின் அதே பிரச்சினை உங்களுக்கும் வரும். ஸ்மோகன் மாதாமாதம் வெளியிடும் புள்ளிவிவரத்தில் ஒவ்வொன்றுக்கும் கீழே கூட்டாளிகள் யார் என்றும் இவி பங்கீடு என்னவென்றும் இருக்கும். ரேங்க் எண்ணை விட்டுவிட்டு அந்தக் கூட்டாளிகள் பகுதியை முதலில் படியுங்கள். ரெகுலேஷன் மாறிய முதல் மாதத்து எண்களை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் பழைய டீமின் மிச்சத்தை வைத்துத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்குருவி

இன்னர் ஃபோகஸ் போட்டேன், ஸ்பீடை எடுத்து ஹெச்பிக்குக் கொடுத்தேன். வித்தியாசம் உடனே தெரிகிறது, இன்சினரோர் இருக்கும் டீம்களோடு இப்போது ஆட முடிகிறது. மழை டீம் மட்டும் இன்னும் உதைக்கிறது. அமூங்கஸ் ஸ்போர் போட்டு ஆர்கலூடனைத் தூங்க வைக்கப் பார்த்தால் அதற்குள் எலக்ட்ரோ ஷாட் பாய்ந்துவிடுகிறது.

தேன்சிட்டு

அமூங்கஸின் அடிப்படை வேகம் 30, அது பெரும்பாலும் கடைசியில்தான் போகும். ரேஜ் பவுடர் போட்டு எலக்ட்ரோ ஷாட்டைத் தன் மேல் வாங்கச் சொல்லுங்கள், புல் வகைக்கு மின்சாரம் பாதிதான் வலிக்கும். அந்த டர்னில் பக்கத்து ஆள் பெலிப்பரைத் தட்டட்டும். டிராகனைட்டின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் பெலிப்பர் மேல் நன்றாகவே இறங்கும், ஆர்கலூடன் மேல் வீணாக்காதீர்கள். அது ஸ்டீல், அடி வாங்கினால் ஸ்டாமினாவில் டிஃபென்ஸ் வேறு ஏறும்.