சமரசப் பேச்சுக்குத் துப்பறியும் கதைகள் உதவுமா?

கேள்வி:

வழக்கறிஞராகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நீதிமன்றத்தில் வாதாடும்போது வராத நடுக்கம், எதிர்த்தரப்போடு சமரசம் பேச உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. இப்போது கையில் இருப்பது ஒரு பாக்கித் தொகை விவகாரம். சரக்கு தரமில்லை என்று சொல்லி, என் கட்சிக்காரருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் முதல் அமர்வில் நான் ஒரு தொகை சொன்னேன். எதிரே இருந்த வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே தொகையைக் குறைத்தேன், அதுவும் இரண்டு முறை. அவர் வாய் திறப்பதற்குள் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

என் மூத்த வழக்கறிஞர், "ஷெர்லாக் ஹோம்ஸை மறுபடி படி" என்கிறார். கொலைகாரனைக் கண்டுபிடிப்பதற்கும் பேரம் பேசுவதற்கும் என்ன தொடர்பு? உண்மையிலேயே யாருக்காவது பயன்பட்டிருக்கிறதா?

முதல் பதில்:

எனக்குப் பயன்பட்டிருக்கிறது. இந்தத் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் மூத்தவர் சொன்னதில் பொருள் உண்டு.

1892இல் வந்த 'புளூ கார்பங்கிள்' கதையில், ஒரு வாத்து எங்கிருந்து வந்தது என்று ஹோம்ஸுக்குத் தெரிய வேண்டும். ஏற்கெனவே பலர் கேட்டு நச்சரித்ததால் வியாபாரி எரிந்து விழுகிறான். ஹோம்ஸ் கேள்வியை விட்டுவிட்டு, அது நாட்டுப்புறத்தில் வளர்ந்த வாத்துதான் என்று பந்தயம் கட்டுகிறார். அது தவறு என்று நிரூபிக்க வியாபாரியே கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுகிறான். நூறு பவுன் நீட்டியிருந்தாலும் இவ்வளவு விவரம் கிடைத்திருக்காது என்கிறார் ஹோம்ஸ். கேட்டால் மறைக்கும் மனிதர்கள், தவறாகச் சொன்னால் திருத்த ஓடிவருகிறார்கள். ஒரு கூட்டு வணிகப் பிரிவினையில், "ஆண்டுக் கடைசி வரை உங்களுக்கு அவசரமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். "இல்லை, வங்கித் தவணை அதற்கு முன்பே வருகிறது" என்று அவர் திருத்தினார். நேரடியாகக் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். ஆனால் பொய்யென்று தெரிந்தே ஒன்றைச் சொல்லாதீர்கள். ஹோம்ஸுக்குத் தொழில் நெறி விதிகள் கிடையாது, நமக்கு உண்டு.

எனக்கு அதிகம் கற்றுத் தந்தது ஹோம்ஸ் தோற்ற பேரம்தான். 1904இல் வந்த கதை. மில்வர்டன் என்ற மிரட்டல்காரன், ஒரு பெண்ணின் பழைய கடிதங்களுக்கு 7000 பவுன் கேட்கிறான். அவளால் 2000தான் தர முடியும் என்று ஹோம்ஸ் கணக்குச் சொல்கிறார். கடிதங்களை வெளியிட்டால் உனக்கு ஒரு காசும் கிடைக்காதே என்றும் வாதிடுகிறார். குறையில்லாத வாதம், ஆனாலும் எடுபடவில்லை. மில்வர்டனிடம் அதே மாதிரி எட்டுப் பத்து விவகாரங்கள் கனிந்துகொண்டிருக்கின்றன. இவளை நாசமாக்கினால் மற்றவர்கள் பயந்து பணம் கொடுப்பார்கள். ஹோம்ஸ் இந்த ஒரு பேரத்தைப் பார்த்தார், அவனோ பத்தையும் சேர்த்துப் பார்த்தான். காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய முதலாளிகளும் சின்னத் தொகைக்கு ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார்கள் என்று இளம் வயதில் மனம் கசந்திருக்கிறேன். அந்தக் கதையை மறுபடி படித்த பிறகுதான், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்ற அவர்கள் கணக்கு புரிந்தது. அதனால் தொகையை வெளியே சொல்லாத இரகசிய உடன்படிக்கையை முதலிலேயே முன்வைக்கத் தொடங்கினேன். அடம் பிடித்த பல வழக்குகள் அதில்தான் முடிந்தன.

இரண்டாம் பதில்:

நான் மத்தியஸ்தராக இருப்பவன். ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் பொய்ரோ, தன் கதைகள் பலவற்றின் முடிவில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, குற்றவாளியை அனைவர் முன்னிலும் அம்பலப்படுத்துவார். வாசகனுக்கு அது விருந்து, சமரச மேசைக்கோ அது நஞ்சு. எதிர்த்தரப்பின் முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய கட்சிக்காரர் எதிரில் அதைப் போட்டு உடைக்காதீர்கள். தன் கட்சிக்காரர் முன் தலைகுனிந்த வழக்கறிஞர் அதற்குப் பிறகு எதற்கும் இணங்குவதில்லை. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வருந்தியிருக்கிறேன். தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அவர் மரியாதையோடு பின்வாங்க ஒரு வழி இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அந்த அமைதியை மட்டும் என்ன செய்வது?

முதல் பதிலளித்தவர்:

தொகையைச் சொன்னதும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் அடங்கும். அவருடைய மௌனத்தைக் கண்டு அஞ்சாதீர்கள், அது எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். 'சில்வர் பிளேஸ்' கதையில் இரவில் குதிரையை ஒருவன் ஓட்டிச் செல்கிறான், லாயத்து நாய் குரைக்கவில்லை. வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன் என்பதை ஹோம்ஸ் அதிலிருந்துதான் பிடிக்கிறார். உங்கள் எதிர்த்தரப்பு எங்கே குரைத்திருக்க வேண்டும், எங்கே குரைக்கவில்லை?

கேள்வி கேட்டவர்:

நேற்று இரவு கோப்பை முழுவதும் படித்தேன். சரக்கு கைக்குப் போன பிறகு அவர்கள் ஏழு கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழிலும் தவணை கேட்டிருக்கிறார்கள். தரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வியாழக்கிழமை அடுத்த அமர்வு. அதற்கு முன் அவரைத் தனியாகச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன்.