ராத்தாக்கு மார்புக் கட்டியில பயொப்சி எடுத்தாச்சு, முடிவு வர ரெண்டு கிழமையாம். அது வரைக்கும் என்ன செய்யணும்?

அக்கரைப்பற்று தங்கச்சி:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். ராத்தாக்கு வயசு 38. உம்மாக்கு 44 வயசில மார்புப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை முடிஞ்சு இப்ப சுகமா இருக்காங்க. உம்மாட தங்கச்சிக்கு சூலகத்தில புற்றுநோய். ராத்தாக்கு இடது மார்பில, கமக்கட்டுப் பக்கமா மேல ஒரு கட்டி. ஸ்கான் றிப்போட்டில பை-ராட்ஸ் 4ஏ என்று இருக்கு. செவ்வாய்க்கிழமை கோர் பயொப்சியில, தடிச்ச ஊசியால 4 துண்டு எடுத்தாங்க. ஏன் இவ்வளவு நாள்? றிப்போட் வந்தா அதில எதைப் பாக்கணும்? ஊசி குத்தினா கட்டி கிளம்பிப் பரவும் என்று வீட்டில பெரியவங்க பயப்படுறாங்க. முடிவு நல்லதா வந்தா இதோட விட்டுடலாமா?

கண்ணாடித்தட்டு:

தங்கச்சி, முதல்ல 4ஏ. படத்தைப் பாத்து மட்டும் போடுற தரம் அது. இந்தத் தரத்தில 100 பேருக்கு ஊசி வச்சா 2 முதல் 10 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். குடும்ப நோய் அந்தக் கணக்கில இல்ல, அதைத் தனியா யோசிக்கணும்.

பரவும் என்ற பயத்துக்குப் பதில்: ஊசி போன வழியில சில கலங்கள் இடம் மாறிக் கிடக்கிறது உண்டு. அதால உயிருக்கு ஆபத்துக் கூடினதா ஆய்வுகளில காணல்ல. ஊசி வைக்காமலே கட்டியை வெட்டப் போனாத்தான் கஷ்டம். எவ்வளவு அகலமா வெட்டுறது, கமக்கட்டு நெறிக்கட்டியைத் தொடுறதா என்று தெரியாம வெட்டி, ரெண்டாவது தடவையும் தியேட்டருக்குப் போக வேண்டி வரும்.

இப்ப நாள் கணக்கு. எடுத்த துண்டு இடியப்ப இழை மாதிரி, ஒண்டு ஒண்டரை சென்ரிமீற்றர் நீளம் வரும். எடுத்த கையோட 10 வீத போமலின், அதாவது துண்டு கெடாம வைக்கிற திரவம், இருக்கிற குப்பியில போடுவாங்க. வெறும் கொழுப்பா வந்த துண்டு மிதக்கும், கட்டியில இருந்து வந்தது அடியில தாழும். போமலினில 6 மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணித்தியாலத்துக்கு மேல போகவும் கூடாது. தப்பினா பிறகு பாக்கிற ஹோர்மோன் சோதனை பிழைக்கலாம். மறுகா நீரை இறக்கி, மெழுகில பதிச்சு, 4 மைக்ரோன் தடிப்பில சீவி, கண்ணாடியில ஒட்டிச் சாயம் ஏத்துவாங்க. இது மட்டும் ரெண்டு மூணு நாள் வேலை. அதுக்கு மேல சனி, ஞாயிறு, போயா, வரிசையில நிக்கிற மத்த மாதிரிகள். சந்தேகம் வந்தா இன்னும் ஆழமாச் சீவி விசேஷ சாயம் போடணும், அதுக்கு வேற நாள். கட்டி சாதாரணமா இருந்தும் பிந்தலாம். பிந்துறதை வச்சு முடிவை ஊகிக்க ஏலாது.

றிப்போட்டில பி என்ற எழுத்தோட ஒரு இலக்கம் வரலாம். பி1 என்றா சாதாரண இழையம். கட்டியைக் கையால தொட ஏலும், றிப்போட் பி1 என்றா ஊசி இடம் தவறியிருக்கலாம், திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பி2 புற்றுநோய் இல்லாத கட்டி, பைப்ரோஅடினோமா மாதிரி. பி3 இரண்டும் கெட்டான், கூடுதலா எடுத்துப் பாக்கணும். பி4 பலமான சந்தேகம். பி5ஏ பால் குழாய்க்குள்ள அடங்கி நிக்கிற புற்றுநோய், பி5பி வெளியே ஊடுருவினது. பி5பி என்றா ஈஆர், பீஆர் (ரெண்டும் ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) மூணுக்கும் முடிவு வர வேணும். ஹெர்2 சோதனையில 2+ என்று வந்தா அது முடிவில்ல, இன்னொரு சோதனை பாக்கி.

பி2 வந்தாலும் கொப்பியை மூடிட்டு எழும்பாம ஒரு கேள்வி கேளுங்க: "ஸ்கானில கண்டதும் இந்த றிப்போட்டும் பொருந்துதா?" படம் ஒண்டு சொல்லி ஊசி இன்னொண்டு சொன்னா திரும்ப எடுக்கிறதுதான் முறை.

கிளினிக் கொப்பி:

காயத்தைப் பத்தி யாரும் எழுதல்ல. முதல் ரெண்டு நாள் தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர் ஒண்டும் தூக்க வேணாம். இறுக்கமான உள்ளாடை, ராவும் போட்டுக் கொள்ளட்டும். துணி சுத்தின ஐஸ் 10 நிமிஷம் வச்சு எடுக்கலாம். நோவுக்கு பனடோல் 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு 8 குளிசைக்கு மேல போகாம. அஸ்பிரின் தானா எடுக்க வேணாம். இதய நோய்க்கு ஏற்கனவே எடுக்கிறவங்க டொக்டரைக் கேக்காம நிப்பாட்டவும் வேணாம். ஊதா நிறமாக் கண்டிப்போறது சாதாரணம், ஒரு கிழமையில மஞ்சளாகி மாறும். மார்பு வீங்கிக் கல்லா இறுகினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ கிளினிக் நாளுக்கு நிக்காம உடனே போங்க.

கட்டிக்கு மேல பத்துப் போட, எண்ணெய் தேய்ச்சு உருவ யாரையும் விட வேணாம். அந்தத் துளை இன்னும் ஆறல்ல.

போறப்ப ஸ்கான் பிலிம், றிப்போட், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே உறையில இருக்கட்டும். மூலப் பிரதியைக் கொடுக்காம போட்டோக் கொப்பி கொடுங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பினா, றிப்போட்டோட கண்ணாடித் தட்டும் மெழுகுக் கட்டையும் கேப்பாங்க. ஆய்வுகூட இலக்கத்தை இப்பவே எழுதி வையுங்க. முடிவு எடுக்க ராத்தாவைத் தனியா அனுப்ப வேணாம், கேட்டு எழுத ஒரு ஆள் கூடப் போகணும்.

அக்கரைப்பற்று தங்கச்சி:

அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் செய்யட்டும். எனக்கு 33. நானும் பாக்கணுமா? ஸுகவனிதையர் கிளினிக்கில 35க்குத்தான் என்றாங்க.

வேர்வழி:

கட்டாயம் பாக்கணும் மகள். 35 என்றது ஊர் முழுக்கப் பொதுவா வச்ச வயசு. தாய்க்கு 44இல வந்திருந்தா, அதில இருந்து 10 வருஷம் குறைச்சு 34இல மமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) தொடங்குறதைப் பத்தி டொக்டரோட கதைக்கலாம். இளம் வயசில மார்பு இழையம் அடர்த்தி, படத்தில வெள்ளையா மறைக்கும், அதனால அல்ட்ராசவுண்டும் சேத்துக் கேளுங்க. மாசத்துக்கு ஒருக்கா, மாதவிடாய் தொடங்கி 7இல இருந்து 10 நாளுக்குள்ள, கையால தடவிப் பாருங்க. கமக்கட்டையும் விட வேணாம்.

ராத்தாட முடிவு நல்லதா வந்தா அந்தக் கட்டிட கேள்விதான் முடியும். உம்மாட குடும்பப் பக்கத்திலயே இளவயசு மார்புப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வந்திருக்கு, இது பீஆர்சிஏ மரபணு மாற்றத்தை நினைக்க வைக்கிற கோலம். மரபணுச் சோதனை செய்றதா இருந்தா முதல்ல உம்மாக்குச் செய்யணும், நோய் வந்தவங்க அவங்கதானே. அவங்களுக்கு மாற்றம் கண்டா, ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆண்பிள்ளைக்கும் சேத்து, அந்த மாற்றம் வர வாய்ப்பு சரி பாதி. அதே மாற்றம் ராத்தாக்கு இல்லை என்று வந்தா அவங்கட அபாயம் மத்தப் பொம்பிளைகளுக்குக் கிட்ட இறங்கும். உம்மாக்குச் செய்யாம ராத்தாக்கு மட்டும் செஞ்சு "இல்லை" என்று வந்தா அதை நம்பி இருக்க ஏலாது, குடும்பத்தில ஓடுற மாற்றம் எது என்றே தெரியாதே. மாற்றம் இருந்தா வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, 30க்குப் பிறகு மமோகிராமும்.

பி3இல "ஏட்டிப்பிக்கல்" (வழக்கத்துக்கு மாறின கலங்கள்) என்ற சொல் இருந்தா, பக்கத்தில புற்றுநோய் இல்லை என்று முழுசா எடுத்துப் பாத்த பிறகும் அபாயம் ஏறக்குறைய 4 மடங்கு. அப்ப அபாயத்தைக் குறைக்கக் கொடுக்கிற டமொக்சிபென் குளிசை பத்திக் கேளுங்க, கருத்தரிக்க நினைச்சிருந்தா அதை முதல்லயே சொல்லணும். டெப்போ ஊசியோ கருத்தடைக் குளிசையோ எடுக்கிறா என்றாலும் கிளினிக்கில சொல்லுங்க.

உம்மாட பழைய றிப்போட் வீட்டில இருந்தா இப்பவே தேடி எடுத்து வையுங்க. எத்தினை வயசில, எந்தப் பக்க மார்பு, ஈஆர் என்ன, சாச்சிக்கு எந்த வயசு, எல்லாத்தையும் ஒரு தாளில எழுதி அதே உறைக்குள்ள போடுங்க. வாப்பா பக்கத்தையும் கேட்டு எழுதுங்க, அந்தப் பக்கத்தாலயும் வரும்.