சித்ரால் முற்றுகை 1895: உடைத்தது கெல்லியா, லோவா?

மலைமுகடு:
1895 மார்ச் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட்சனும் சுமார் 400 சிப்பாய்களும் சித்ரால் (இன்றைய பாகிஸ்தானின் வடக்கிலுள்ள மலைநாடு) கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே சித்ரால் அரியணைக்கு உரிமை கோரிய ஷேர் அஃப்சலின் சித்ராலிகள், தெற்கே ஜண்டோல் பகுதியின் தலைவர் உம்ரா கானின் பட்டாணியர்கள். மீட்கப் போனது இரண்டு பிரிட்டிஷ் படை. தெற்கிலிருந்து ஜெனரல் லோ, ஏறத்தாழ 15,000 பேர். கில்கிட்டிலிருந்து கர்னல் கெல்லி, 32-ஆம் பஞ்சாப் பயனியர்கள் (பாதை போடவும் பழகிய காலாட்படை) 400 பேர், மலைப்பீரங்கி 2, உடன் ஹுன்ஸா, நகர் என்ற மலைநாடுகளின் ஆட்கள். ஏப்ரல் 20 அன்று கோட்டைக்கு முதலில் வந்தவர் கெல்லி. லோவின் பெரும்படை தண்டச் செலவு.

தளவாடம்:
முதலில் வந்து சேர்ந்ததாலேயே முற்றுகையை உடைத்தவர் ஆகிவிட மாட்டார். ஏப்ரல் 3-இல் தெற்கு வழியிலுள்ள மலாக்கந்த் கணவாய் லோவிடம் விழுந்ததுமே உம்ரா கானுக்குச் சொந்த ஊர்க் கவலை வந்துவிட்டது. லோவை நிறுத்தியது எதிரியைவிடப் பஞ்ச்கோரா ஆறுதான். வெள்ளத்தில் மரக்கட்டைகள் வந்து மோதி பாலம் போனது. அக்கரையில் தனியாகச் சிக்கிய லோ படையின் கைட்ஸ் பட்டாளத் தளபதி பேட்டி (Battye) என்பவர் ஏப்ரல் 13-இல் கொல்லப்பட்டார். அப்புறம் தந்திக் கம்பியை வடமாக முறுக்கித் தொங்குபாலம் கட்டித்தான் கடந்தார்கள். கடந்ததும் உம்ரா கான் ஆப்கானிஸ்தானுக்கு ஓட்டம்.

மலைமுகடு:
ஓடியது உம்ரா கான். ஷேர் அஃப்சலின் ஆட்களை அடித்தது யார்? கெல்லி கடந்த ஷந்தூர் கணவாய் சுமார் 3,700 மீட்டர் உயரம். புதுப்பனியில் கோவேறு கழுதைகள் வயிறுவரை புதைந்து, முதல் முயற்சியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு பீரங்கியைக் கழற்றினார்கள். குழல், சக்கரம், வண்டி, குண்டுப்பெட்டி எல்லாம் ஆள் தோளில். குழலைக் கம்பில் கட்டித் தூக்குகிறவன் இடுப்பளவு பனியில் இறங்கினால் கூட வருகிறவனும் சாய்வான். அதனால் கொஞ்ச தூரத்துக்கொருமுறை ஆள் மாற்றம். பனிக்குருடு, உறைபனிப் புண் இரண்டும் பலரைப் படுக்க வைத்தன. அந்த 2 பீரங்கி இல்லாமல் ஏப்ரல் 13-இல் சித்ராலுக்குப் போகும் வழியில் நிசா கோல் என்ற பள்ளத்தாக்கில் எதிரி கட்டிய கல்லரண்களை நொறுக்கியிருக்க முடியாது. அந்தச் செங்குத்துப் பள்ளத்தில் இறங்க ஏணியும் கயிறும் வேறு கொண்டுபோனார்கள்.

வெடிமருந்து:
கோட்டைக்குள் இருந்தவர்களை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். முற்றுகையிட்டவர்கள் அருகிலிருந்த கோடைமனையிலிருந்து கோட்டையின் கோபுரத்தை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள். கடப்பாரைச் சத்தம் கேட்காதிருக்க இரவெல்லாம் மேளம். ஏப்ரல் 17-இல் கோட்டைக்குள்ளிருந்த அதிகாரி ஹார்லி 40 சீக்கியர், 60 காஷ்மீரிகளோடு பாய்ந்து வெளியேறிச் சுரங்கத்தை வெடித்துத் தகர்த்தார். அது தப்பியிருந்தால் கெல்லி வந்து பார்த்திருப்பது இடிபாட்டைத்தான்.

தளவாடம்:
ஹார்லி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதியைப் பாருங்கள்: முற்றுகைக்காரர்கள் கலைந்தது 18 இரவு. கெல்லி அப்போதும் இரண்டு நாள் நடைத் தொலைவில்.

மலைமுகடு:
நிசா கோலில் தோற்றவர்கள் 13-ஆம் தேதியே சித்ராலுக்கு ஓடிவிட்டார்கள். அந்தச் சேதி கெல்லிக்கு முன்னாலேயே கோட்டை வாசலுக்குப் போய்விட்டது. லோவின் படையைத் "தண்டச் செலவு" என்றதைத் திரும்பப் பெறுகிறேன்; ஷேர் அஃப்சல் கலைந்ததற்கு லோ காரணம் என்பதை ஏற்கமாட்டேன்.