ஆடம் எங்கே போனார்? ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தேம்ஸ்கரை:
அண்ணன் ஆலிவரின் கொடுமை தாங்காமல் ஆர்லாண்டோ காட்டுக்கு ஓடுகிறான், வீட்டின் வயதான வேலைக்காரர் ஆடமும் கூடவே போய்ப் பசியில் விழுந்துவிடுகிறார். மீதிக் கதையை விட்டு நேரே இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். லண்டன் குளோப் அரங்கில், மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் இடத்தில் இருந்தேன். காட்டில் ஒதுங்கி வாழும் பிரபுவின் கூட்டத்தில் ஒருவரான ஜேக்வீஸ் "உலகமே நாடக மேடை" என்று ஆரம்பித்து, மனுஷனின் ஏழு பருவங்களையும் சொல்லி, கடைசிப் பருவத்தில் பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, எதுவுமே இல்லை என்று முடிக்கிறார். கைதட்டல் அடங்குவதற்குள் ஆர்லாண்டோ கிழவர் ஆடமைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆடமின் விரல்கள் ஆர்லாண்டோவின் சட்டையை இறுகப் பிடித்திருந்தன, எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. நன்றி சொல்லக்கூடத் தெம்பில்லை என்று ஒரே ஒரு பேச்சு. அப்புறம் நாடகம் முடியும்வரை அவர் வரவே இல்லை. நாலு கல்யாணம் நடக்கிறது, ஆட்டம் பாட்டம், நான் அவரைத்தான் தேடிக்கொண்டு நின்றேன்.

கடைசிபெஞ்ச்:
எங்களுக்கு பி.ஏ.வில் இது பாடம். வகுப்பில் ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தோம், ஆடம் என் பங்கு. முதல் காட்சியிலேயே ஆலிவர் "கிழட்டு நாயே" என்று விரட்டுகிறான். அதற்கு ஆடம், நாய் என்பதுதான் எனக்குக் கூலியா, உங்கள் சேவையில்தான் என் பல்லெல்லாம் போயிற்று என்கிறார். அதை வாய்விட்டுப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. ஜேக்வீஸ் பல் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறார், அந்தப் பல் யாருக்காகப் போனது என்பது முன்பே சொல்லப்பட்டுவிட்டது. தேம்ஸ்கரை, நீங்கள் கடைசிக் காட்சியை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள், முதல் காட்சியை விட்டுவிட்டீர்கள்.

ஒப்பனைப்பெட்டி:
நான் ஆடமாக நடித்திருக்கிறேன். 500 க்ரவுன் பணத்தை ஆர்லாண்டோவிடம் நீட்டும் இடம், கை கால் ஓய்ந்தால் ஆகும் என்று அவன் அப்பா காலத்திலிருந்து சேர்த்தது. எதிரே நின்ற பையன் பையை வாங்கத் தயங்கினான், ஒத்திகையில் அப்படிச் செய்ததே இல்லை, நான் அவன் கையில் வைத்து அழுத்தினேன். அது இன்னும் மறக்கவில்லை.

இனி ஆடம் வேஷம் போடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருமாதீர்கள், குரலை நடுக்காதீர்கள். பார்க்கத்தான் கிழவன், வாலிபத்தில் மதுவைத் தொடாததால் உடம்பு இன்னும் திடமாக இருக்கிறது என்று அவரே சொல்கிறார். 17 வயதில் அந்த வீட்டுக்கு வந்து 80ஐ நெருங்கும்போது வெளியேறுகிற ஆள், அந்த நிமிர்வு இருந்தால்தான் காட்டில் பசியில் விழும்போது பார்ப்பவர்களுக்கு வலிக்கும். ஆர்லாண்டோ தூக்கும்போது நீங்களாகத் தொற்றிக்கொள்ளாதீர்கள், பாரம் முழுவதும் அவன்மேல் இருக்கட்டும், ஆனால் அவன் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் தூக்கத் தினமும் பழக வேண்டும். ஷேக்ஸ்பியரே இந்த வேஷம் கட்டினார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. சின்ன வேஷம் என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள். பிறகு ஆடம் வராததற்குக் காரணம் சாதாரணம், அந்த நடிகர் வேறு வேஷத்துக்குத் தேவைப்பட்டிருப்பார்.

பழம்பிரதி:
ஒப்பனைப்பெட்டி சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1590இல் வந்த தாமஸ் லாட்ஜின் 'ரோசலிண்ட்' கதையிலிருந்துதான் இந்த நாடகம் பிறந்தது. அதில் முடிவில் ஆடமுக்கு மன்னரின் காவற்படைத் தலைவர் பதவி கிடைக்கிறது. அதைப் படித்த ஷேக்ஸ்பியர்தான் இங்கே அந்த முடிவை எடுத்துவிட்டார். நான் பார்த்த மேடையேற்றத்தில், ஆடம் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போது பக்கத்திலேயே பாட்டு ஆரம்பித்தது: குளிர்காற்றே, மனிதனின் நன்றிகேட்டைவிட நீ கொடியதல்ல. அவர் மெல்லுவதை நிறுத்தித் தலை தூக்கிக் கேட்டார். கடைசி அங்கத்தில் ஆலிவர் அப்பாவின் வீட்டையும் வருமானத்தையும் தம்பிக்கே எழுதிவைப்பதாகச் சொல்கிறான். அப்போதும் ஆடம் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை.

தேம்ஸ்கரை:
அந்தப் பாட்டு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. கடைசிபெஞ்ச், நீங்கள் சொன்னதும் சரிதான். கல்யாணக் காட்சியில் ஆடமையும் கொண்டுவந்து உட்காரவைத்த மேடையேற்றம் யாராவது பார்த்திருந்தால், அவரை எங்கே உட்காரவைத்தார்கள், ஆர்லாண்டோ அவரைத் திரும்பிப் பார்த்தானா என்று எழுதுங்கள்.