செபத்தில நான் விழுங்கின வரி

தனியச் செபிக்கிறது எப்பிடி, கனகாலமாச் செபிச்சும் ஒண்டும் ஒட்டேல்லை எண்டு தங்கச்சி ஒராள் கேட்டிருந்தா. புத்தி சொல்ல நான் ஆளில்லை. எனக்கு நடந்ததை எழுதிறன்.

நாங்கள் கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கர். பின்னேரம் விளக்குக் கொளுத்தினா செபமாலை. அது சோறு தின்னுறது மாதிரி, ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கிறேல்லை. மன்றாட்டுமாலையில "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டு ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிக்கொண்டே நித்திரை கொள்ள எனக்குத் தெரியும். சின்னனில அதை ஒரு திறமை எண்டு நினைச்சனான்.

2009 இல கடைசிச் சண்டைக்குள்ள இடம்பெயரேக்க எல்லாத்தோடயும் செபமாலையும் வழியில போச்சு. வலைஞர்மடத்தில பங்கருக்குள்ள அம்மா செபமாலை மணிக்குப் பதிலா விரல் கணுவில பத்துப் பத்தா எண்ணினா. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் முடிய ஒன்பது. சின்னவிரல்ல முதல் கணு பத்து. கிட்டச் செல் விழுந்தா எண்ணிக்கை பிழைச்சுப்போம். ஏழோ எட்டோ எண்டு யோசிக்கமாட்டா, திரும்பச் சுட்டுவிரல்ல இருந்து தொடங்குவா. அந்த மே மாதம் வட்டுவாகலில அண்ணாவைக் கடைசியாக் கண்டது. அதுக்குமேல அந்தக் கதையை இதில எழுதேல்லை.

பிறகு செட்டிகுளம் முகாம். ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள்ள கனபேர். அங்கயும் பின்னேரம் செபமாலை. அம்மா முன்னுக்குச் சொல்ல, நாங்கள் எல்லாரும் சேர்ந்து மறுபாதி சொல்லுறது. இயேசு படிப்பிச்ச செபத்தில "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" எண்ட இடம் வந்தா என்ர வாய் தன்பாட்டில மூடிக்கொள்ளும். கூட்டத்தோட கூட்டமாச் சொல்லேக்க ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு செபமாலைக்குள்ள ஆறுதரம் அந்த வரி வரும். ஆறுதரமும் விழுங்கினன். வருசக் கணக்கா.

கடவுளை ஏமாத்துறன் எண்டு பயந்து, கனகாலத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில சொன்னன். பாதர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மனசில இல்லாததைச் சொல்லாமல் விட்டனீர், அது பரவாயில்லை. ஆனா ஏன் சொல்லேல்லை எண்டு அவரிட்டச் சொன்னனீரோ?" எண்டு கேட்டார். அப்பிடி ஒண்டு செய்யலாம் எண்டே எனக்குத் தெரியாது. 88 ஆம் திருப்பாடலை வாசிக்கச் சொல்லி அனுப்பினார். வாசிச்சுப் பாருங்கோ, அதில கடைசிமட்டும் விடியிறதே இல்லை, இருட்டோட முடியுது. இப்பிடியும் வேதாகமத்துக்குள்ள இருக்கோ எண்டு இருந்தது.

கதவைப் பூட்டிப்போட்டுத் தனியச் செபிக்கச் சொல்லி மத்தேயு 6 இல இருக்கு. இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டம் கட்டமாத் தந்த 550,000 ரூபா கூரையோட முடிஞ்சுது. கதவுக்குக் காசில்லை, சாக்குத்தான் தொங்கினது. அதால எனக்குக் கிணத்தடிதான் உள்ளறை. விடிய நாலரைக்கு முதல் வாளியை இழுத்து வைச்சிட்டு, கிணத்துக்கட்டில குந்தியிருந்து, வாழ்க்கையில முதல்தரமா எங்கட பேச்சில கதைச்சன். "என்ர அண்ணாவை எங்க வைச்சிருக்கிறீர்?" எண்டு கேட்டன். அதுக்கு முன்னம் கடவுளோட கதைக்கேக்க "தேவரீர்" "அருளும்" எண்டுதான் வாயில வரும். அந்தப் பேச்சில என்ர கோவத்துக்கு இடமில்லை.

ஒண்டும் நடக்கேல்லை. வெளிச்சமும் இல்லை, குரலும் இல்லை, நுளம்புதான் கடிச்சது. அடுத்தநாளும் போனன். இப்பவும் போறன், ரண்டு வாளி அள்ளுற நேரம்தான். சிலநாள் "இண்டைக்கு உம்மோட கோவம்" எண்டிட்டு எழும்பிவிடுவன். சிலநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர காய்ச்சல், பயிர், சீட்டுக்காசு எல்லாம் தன்பாட்டில வரும்.

துணுக்காயில இருந்து ஒரு தம்பி:

அக்கா, நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. மனப்பாடமாச் செபிக்கிறேல்லை எண்டு எங்களுக்கு ஒரு பெருமை. உண்மையைச் சொன்னா என்ர செபமும் மனப்பாடம்தான். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" எண்டு தொடங்கினா பதிவு நாடா மாதிரி ஓடும். றோட்டால போற ஆளுக்கும் கேக்கவேணும் எண்டு சத்தம் வேற.

காலபோகத்துக்கு வயல்ல ஆனைக்காவல். அண்டைக்கு மற்றவன் வரேல்லை, கொட்டில்ல நான் தனிய. செபிப்பம் எண்டு தொடங்கினா ரண்டாவது வசனம் வருகுதில்லை. ஆமென் சொல்லப் பக்கத்தில ஆளில்லாட்டி எனக்குச் செபம் வராது எண்டு அப்பதான் பிடிபட்டது. வெக்கமாப் போச்சு. பேசாமல் கனநேரம் இருந்தன். கடைசியா வாயில வந்தது கடன் விசயம். வெட்டு முடிஞ்சாத்தான் காசு வரும் எண்டு கடன் தந்தவருக்குச் சொல்லி வைச்சிருந்தன். காசு கையில இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க ஆனை வந்திட்டுது. ஆமெனும் இல்லை ஒண்டும் இல்லை, வெடியைக் கொளுத்திக்கொண்டு ஓடினன். அடுத்தநாள் போய் அவரிட்டயும் உண்மையைச் சொன்னன். வட்டியில ஒரு சதமும் குறைக்கேல்லை.

கேள்வி கேட்ட தங்கச்சி:

அக்கா, நான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போறனான், விடிய அஞ்சரைக்கு பஸ். எங்களுக்குக் கிணறில்லை, குழாய்த்தண்ணி. படுக்கையில செபிச்சா ரண்டு நிமிசத்தில நித்திரை. உங்கட வீட்டில இப்பவும் செபமாலை சொல்லுறனீங்களோ? அந்த வரி இப்ப வருமோ?

வட்டக்கச்சி அக்கா:

படுத்துக்கொண்டு எனக்கும் சரிவராது தங்கச்சி. பஸ்ஸில யன்னல் சீற் கிடைச்சா அதில கண்ணை மூடாமல் செபிச்சுப் பாருங்கோ. ஏறுற ஆக்களின்ர முகத்தைப் பாத்துப் பாத்து ஒவ்வொருத்தருக்காகவும் ஒரு சொல்லுச் சொன்னாலே காணும்.

செபமாலை இப்பவும் இருக்கு, நானும் அம்மாவும் மட்டும். 2017 பெப்ரவரி 20 இல கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் போராட்டம் தொடங்கினபிறகு அம்மாவும் அங்க போய் இருக்கத் தொடங்கினா. மடு மாதா கோயிலில வாங்கின செபமாலை அவவின்ர கையில, பக்கத்தில இருக்கிற இன்னொரு அம்மா தேவாரம் முணுமுணுப்பா. வீட்ட வந்தா பின்னேரம் எங்கட செபமாலை.

ரண்டுபேர் மட்டும் எண்டா விழுங்கிறது கேக்கும். ஒருநாள் அம்மா, "ஏன் பிள்ளை அதில நிப்பாட்டுறாய்?" எண்டு கேட்டா. நான் மறுமொழி சொல்லேல்லை. "சரி, நாளைக்கு நீ முன்னுக்குச் சொல்லு, மற்றப்பாதியை நான் சொல்லுறன்" எண்டா.

அடுத்தநாள் நான் முன்னுக்குச் சொன்னன். "அனுதின உணவை" எண்டு அம்மா தொடங்கினா. அந்த வரி வர அவவும் நிண்டிட்டா. குசினியில கேத்தில் கொதிக்கிறது கேட்டது. பிறகு, "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" எண்டு ரண்டுபேரும் ஒண்டாத் தொடங்கினம்.