புதுப்பிப்பு: பைராக்சீனா, ஹார்ன்பிளெண்டா?

பைராக்சீன், ஹார்ன்பிளெண்டு என்ற இரண்டு கனிமங்களுமே கறுப்பாக இருக்கின்றன, ஆய்வகத்தில் எப்படிப் பிரித்தறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். பிளவுக் கோணத்தை, அதாவது கனிமம் உடையும் தட்டையான தளங்களுக்கு இடையிலான கோணத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, அதுவே கைகொடுத்தது.

பைராக்சீனில் பிளவுத் தளங்கள் கிட்டத்தட்ட செங்கோணத்தில், 87, 93 பாகையில் வெட்டிக்கொள்கின்றன. ஹார்ன்பிளெண்டில் 56, 124. நுண்ணோக்கியில் அதன் குறுக்குவெட்டு முழுக்கச் சாய்சதுரக் கட்டங்கள், அவ்வளவு அழகு!

காரணம் அணு அமைப்புதான். ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் உள்ள நான்முகிகள் பைராக்சீனில் ஒற்றைச் சங்கிலியாகவும், ஹார்ன்பிளெண்டில் இரட்டைச் சங்கிலியாகவும் கோத்திருக்கின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது. அதனால் பிளவு சங்கிலியை அறுக்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. சங்கிலி அகலமானால் கோணமும் மாறிவிடுகிறது.

அப்புறம், அடுத்த வகுப்பில் பல்லாவரம் சார்னோக்கைட் பாறையின் மெல்லிய சீவலைப் பார்க்கப்போகிறோம். அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் ஒரு வகைப் பைராக்சீன்தான்.