டேங்கில் பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கு: மிதவையா, ஒளி சென்சாரா?

இறக்கைக்கூடு கேட்டது:

வணக்கம். இரண்டு பேர் உட்காரும், இறக்கை கீழே இருக்கும் அலுமினிய விமானம், வீட்டிலேயே கட்டுவது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் 70 லிட்டர். ஹெடர் டேங்க் (இன்ஜினுக்கு முன்னால் வரும் சிறு இடைத்தேக்க டேங்க்) கிடையாது, இடது வலது என்று மாற்றும் செலக்டர் வால்வு மட்டும். சீரான பறப்பில் இன்ஜின் மணிக்கு 28 லிட்டர் குடிக்கும். டேங்கின் பின்தகட்டை இன்னும் ரிவெட் அடிக்கவில்லை. உள்ளே எதையாவது வைப்பதென்றால் இப்போதே வைத்துவிட வேண்டும்.

அளவுமானி கெப்பாசிட்டன்ஸ் வகை, அதாவது பெட்ரோலின் மின்தேக்கும் தன்மையை வைத்து அளவைச் சொல்வது. குறிப்பிட்ட லிட்டருக்குக் கீழே போனால் திரையில் எச்சரிக்கை காட்டும் வசதி அதிலேயே உண்டு. அது போதுமா, தனியாக ஒரு சென்சார் வேண்டுமா? வேண்டுமென்றால் ரீட் மிதவை சுவிட்சா (மிதவையின் காந்தத்தால் திறந்து மூடுவது), ஒளி சென்சாரா? எத்தனை லிட்டரில் விளக்கு எரியவேண்டும், அதற்கு ரிப்பில் (டேங்கின் பக்கச் சுவராக நிற்கும் தகட்டில்) எந்த உயரத்தில் ஓட்டை போடவேண்டும்? பெட்ரோல் ஆவிக்குள் வயர் போவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

பட்டறைத்தூசி பதில்:

தனியாக வையுங்கள். அளவுமானியின் எண்ணை வைத்தே எச்சரிக்கை கொடுத்தால், எண் தப்பாகும் அன்று எச்சரிக்கையும் சேர்ந்தே தப்பாகும். கெப்பாசிட்டன்ஸ் மானிக்கு இது நடக்கக்கூடியதுதான். பெட்ரோலின் மின்காப்பு மாறிலி சுமார் 2, எத்தனாலுக்கு 24 அளவில். ஏவ்காஸ் (விமானப் பெட்ரோல்) ஊற்றி அளவு குறித்த மானி, எத்தனால் கலந்த பெட்ரோல் நிரப்பிய அன்று இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நீங்கள் பயப்படவேண்டிய பக்கம் அதுதான்.

நான் சொல்வது ஒளி சென்சார். அசையும் பாகம் எதுவும் இல்லை. முனையில் கூம்பு வடிவப் பிரிசம், அதன் பின்னால் ஒரு அகச்சிவப்பு எல்இடி, ஒரு போட்டோ டிரான்சிஸ்டர். முனை காற்றில் இருந்தால் முழு அக எதிரொளிப்பில் ஒளி திரும்பி வரும். பெட்ரோலில் மூழ்கினால் ஒளி பெட்ரோலுக்குள்ளேயே போய்விடும். பிரிசம் என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு, நீங்கள் ஊற்றப்போகும் எரிபொருளுக்கு அது தாங்கும் என்று தயாரிப்பாளரின் தாளில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பொருத்துவது: இறக்கையின் அடிவேரில் இருக்கும் ரிப்பில், முடிந்தால் திருகி எடுக்கக்கூடிய மூடித்தகட்டிலேயே. பிற்பாடு சென்சார் கெட்டால் டேங்கை அறுக்காமல் மாற்றலாம். ரிப் தகடு 0.8 மி.மீ. தான் இருக்கும், அதில் மரை நிற்காது. 3 மி.மீ. அலுமினியத்தில் 50 மி.மீ. வட்டத் தகடு வெட்டி, சீலண்ட் தடவி, 6 ரிவெட்டில் அடியுங்கள். ஓட்டையைப் படிக்கட்டு டிரில்லால் போட்டு ஓரத்தை மழுக்கிவிடுங்கள். டிரில்லில் கிரீஸ் தடவினால் சீவல் பெரும்பாலும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதியை வேக்குவம் போட்டு எடுத்துவிடலாம்.

சென்சார் நேர்மரையும் நட்டும் உள்ளதென்றால் ஓ-ரிங் போதும். ஏவ்காஸ் மட்டும் என்றால் நைட்ரைல், எத்தனால் கலப்புக்கு விட்டான் ரப்பர். கூம்புமரை என்பிடி என்றால் எரிபொருளில் கரையாத மரைப்பசை போடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம், அதன் நார் பிரிந்து ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் போகும். பிளாஸ்டிக் உடம்பைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. அதைத் தாண்டினால் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு ஒழுகாது, பிறகுதான் ஒழுகும்.

சீலண்ட் பாலிசல்பைட் வகை, எடைக்கு 10 பங்கு அடிப்பசைக்கு 1 பங்கு கடினமாக்கி. ஒரு சென்சாருக்கு 20 கிராமும் 2 கிராமும் தாராளம். கண்ணளவில் கலக்காதீர்கள், சமையல் தராசு போதும். தகட்டைச் சொரசொரப்பான நாரால் தேய்த்து, எம்.இ.கே. கரைப்பான் நனைத்த துணியில் கறை வராத வரை துடைத்து, உடனே பூசுங்கள். 25 டிகிரியில் மூன்று நாள் விடுங்கள், குளிர் என்றால் இன்னும் அதிகம்.

கசிவுப் பார்க்க, வென்ட் குழாயில் பலூன் கட்டி மெல்ல ஊதி சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரசர் காற்றை நேராகக் கொடுத்தால் டேங்க் உப்பி ரிவெட் விலகும். ராத்திரி பலூன் சுருங்கினால் பதற வேண்டாம், வெப்பநிலை இறங்கினாலும் சுருங்கும். நுரை குமிழிவிட்டால்தான் கசிவு.

ஓம்விதி பதில்:

மேலே உள்ள வேலைமுறையில் குறை இல்லை. ஆனால் ஒளி சென்சாரை இவ்வளவு எளிதாகச் சிபாரிசு செய்ய முடியாது. அது கெடும்போது சத்தம் போடாமல் கெடும்.

யோசித்துப் பாருங்கள். ஒளி திரும்பி வந்தால் "காலி", வராவிட்டால் "பெட்ரோல் இருக்கிறது". எல்இடி செத்தால் ஒளி வராது. வயர் அறுந்தால் வராது. பிரிசத்தின் மேல் ஒரு விரல் சீலண்ட் பட்டுவிட்டால் ஒளி அதிலேயே அமுங்கிவிடும், அதுவும் வராது. மூன்றிலும் சர்க்யூட் சொல்வது "பெட்ரோல் இருக்கிறது". விளக்கு எந்தக் காலத்திலும் எரியாது, எரியவில்லையே என்று உங்களுக்குச் சந்தேகமும் வராது. அதனால் சீலண்ட் பூசும்போது முனைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி போட்டுவிட்டு, மூடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

ரீட் மிதவையில் இதைத் தலைகீழாக அமைக்கலாம். பெட்ரோல் இருக்கும்போது தொடர்பு மூடியிருக்கவேண்டும், இறங்கினால் திறக்கவேண்டும். திறந்தால் விளக்கு எரியும்படி ஒரு டிரான்சிஸ்டர். வயர் அறுந்தாலும் கனெக்டர் கழன்றாலும் விளக்கு எரியும். பக்கவாட்டு மிதவைகள் பலவற்றை 180 டிகிரி திருப்பிப் பொருத்தினாலே இந்தத் தலைகீழ் கிடைத்துவிடும். மிதவைக்கும் நோய் உண்டு: உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் துகள் ஒட்டும், சீலண்ட் துணுக்கு கீலில் சிக்கினால் மேலேயே நின்றுவிடும். ரீட் சுவிட்சில் சாதாரண இழை பல்பை நேராக மாட்டாதீர்கள். குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ரீட் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்இடி விளக்கே சரி. ரிலே வைத்தால் சுருளுக்குக் குறுக்கே டையோடு கட்டாயம்.

ஒளி சென்சார்தான் என்றால் எல்இடி மின்னோட்டத்தையும் கண்காணியுங்கள். 13.8 வோல்ட்டிலிருந்து 620 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வழியாக எல்இடி. அதன் திரும்பும் வயரைத் தரையோடு சேர்க்காமல் பேனலுக்கே கொண்டுவந்து, 47 ஓம் வழியாகத் தரைக்கு. ஓடுவது கிட்டத்தட்ட 19 மில்லி ஆம்பியர், 47 ஓமில் விழுவது சுமார் 0.9 வோல்ட். அது ஒரு சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டரை 1 கிலோ ஓம் வழியாகத் திறந்தே வைத்திருக்கும். மின்னோட்டம் நின்றால் டிரான்சிஸ்டர் மூடும், விளக்கு எரியும். எல்இடி செத்தாலும், அதன் வயர் அறுந்தாலும், அந்த வயர் டேங்க் உடம்பில் ஷார்ட் ஆனாலும் இது பிடித்துவிடும். பிரிசம் அழுக்கானதையும், போட்டோ டிரான்சிஸ்டர் செத்ததையும், அதன் வயர் அறுந்ததையும் இது பிடிக்காது.

ஆவி பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. பெட்ரோல் ஆவி பற்ற கால் மில்லி ஜூல் அளவுள்ள பொறி போதும். 620 ஓமைப் பேனல் முனையில் வையுங்கள், டேங்க் முனையில் அல்ல. அப்போது வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் 22 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. போட்டோ டிரான்சிஸ்டருக்குப் போகும் வயரிலும் அதே கதை, அதன் 10 கிலோ ஓமும் பேனலில்தான். ரெசிஸ்டருக்கு முன்னால் 1 ஆம்பியர் ஃபியூஸ். வயர் 22 கேஜ், டெஃப்செல் உறை போட்டது, வேர் ரிப்பிலிருந்து 10 செ.மீ.க்குள் ஒரு கிளாம்ப்.

சாய்வுமானி பதில்:

எலக்ட்ரானிக்ஸ் பேசியாயிற்று. உயரத்துக்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

செலக்டர் ஒரு டேங்கில்தான் நிற்கும் என்பதால் கணக்கை ஒரு டேங்குக்கே போடுங்கள். விளக்கு எரிந்தபின் மணிக்கு 28 லிட்டரில் அரைமணி பறக்க 14 லிட்டர். உறிஞ்சுகுழாய்க்கு எட்டாத மிச்சம் அதற்கு மேல் தனி.

இனி உயரம். டைஹெட்ரல் (இறக்கை நுனி நோக்கி மேலே சாயும் கோணம்) 3.5 டிகிரி, டேங்கின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் குறையக் குறைய வேர் ரிப் பக்கம் ஆப்பு வடிவில் ஒதுங்கும். அடித்தகடு தட்டை என்று எடுத்தால், வேரில் 4 செ.மீ. ஆழம் என்பது சுமார் 8 லிட்டர், 5 செ.மீ. என்பது 12 லிட்டர் சொச்சம். ஓட்டை 1 செ.மீ. இறங்கினால் 4 லிட்டருக்கு மேல், அதாவது ஒன்பது நிமிடம் போய்விடும். உண்மையில் அடித்தகடு வளைந்திருப்பதால் காகிதக் கணக்கை நம்பி டிரில் பிடிக்காதீர்கள். பின்தகட்டைக் கிளெக்கோவில் (ரிவெட்டுக்கு முன் போடும் தற்காலிகப் பிடிப்பில்) நிறுத்தி, டேங்கின் உள்வடிவைப் பல குறுக்குவெட்டில் அளந்து கொள்ளளவைக் கணக்கிட்டு, ரிப்பில் கோடு போட்டபின் ஓட்டை.

முன்பின்னும் முக்கியம். ஏறும்போது மூக்கு 8 டிகிரி உயர்ந்தால், 60 செ.மீ. அகலத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டம் 8 செ.மீ. மாறும். சென்சார் பின்கோடியில் இருந்தால் ஏற்றத்தில் பெட்ரோல் அங்கே குவிந்து "நிறைய இருக்கிறது" என்று சொல்லும். இறக்கத்தில் எதிர்மாறு. அகலத்தின் நடுவில் வைத்தால் இரண்டிலும் பிழை குறைவு. உறிஞ்சுகுழாய் பின்னால் இருப்பதால் சென்சாரும் அங்கேயே இருக்கட்டும் என்ற வாதம் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. குழாய் காற்றை இழுக்காமல் காப்பது உள்ரிப்பின் ஒருவழிக் கதவின் வேலை, சென்சார் அளவைச் சொன்னால் போதும்.

பக்கவாட்டில் வழுக்கிப் பறந்தால் பெட்ரோல் வெளிப்பக்கம் ஓடும். 3.5 டிகிரி சாய்ந்தாலே டைஹெட்ரல் அழிந்து, அதே 12 லிட்டர் டேங்க் முழுக்க 1.7 செ.மீ. ஆழத்துக்குப் பரவிவிடும், 5 செ.மீ.யில் இருக்கும் சென்சார் காய்ந்துபோகும். ஆகவே சென்சார் காய்ந்ததும் உடனே விளக்கு எரியாமல் ஒரு தாமதம் வேண்டும்.

ஓம்விதி பதில்:

தாமதத்துக்கு ஒரு எச்சரிக்கை. "தொடர்ந்து 10 வினாடி காய்ந்திருந்தால் எரி, ஒரு சொட்டுப் பட்டால் முதலிலிருந்து எண்ணு" என்ற அமைப்பு கூடாது. காற்றுக் கொந்தளிப்பில் பெட்ரோல் அலைந்து சென்சாரை நனைத்துக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை முடியவே முடியாது. மின்னேற்றம் ஏறவும் இறங்கவும் ஒரே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓடும்படி ஒரு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், அதன் மின்னழுத்தத்தை 555 டைமர் சிப்பின் 2-ஆம் 6-ஆம் கால்களைச் சேர்த்துக் கொடுங்கள். முழுக்கக் காய்ந்தால் 11 வினாடியில் எரியும். அலை அடித்தால், மூன்றில் இரண்டு பங்கு நேரத்துக்கு மேல் காய்ந்திருக்கும்போது எரியும், இதுதான் நமக்கு வேண்டியது.

இறக்கைக்கூடு கேட்டது:

மிக்க நன்றி சார். மிதவைக்கு மேலே நிற்கும் நோய், ஒளிக்கு அழுக்கு நோய் என்று புரிகிறது. ஒளி சென்சாரும் மின்னோட்டக் கண்காணிப்புமாகப் போகிறேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் பெட்ரோல் எடுத்து, ஜன்னல் ஓரத்தில் முக்கிப் பார்த்தேன். முக்கினாலும் "காலி" என்றே காட்டுகிறது. சென்சார் பழுதா?

பட்டறைத்தூசி பதில்:

அநேகமாகப் பழுது இல்லை. வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, போட்டோ டிரான்சிஸ்டர் அதைப் பார்க்கிறது. குவளையின் சுவர் பக்கத்தில் இருந்தாலும் ஒளி அதில் பட்டுத் திரும்பும். மூடியுள்ள, ஒளி புகாத பெரிய டப்பாவில், சுவரிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள். டேங்கிலும் இதே விதி: பிரிசத்துக்கு நேர் எதிரே பளபளக்கும் தகடோ ஸ்டிஃப்னரோ ஒட்டி இருக்கக்கூடாது. படுக்கையாகவோ முனை சற்றுக் கீழே பார்த்தோ பொருத்துங்கள், சொட்டு வடியாமல் முனையில் தங்கி நின்றால் நனைந்ததாகவே காட்டும்.

சாய்வுமானி பதில்:

கடைசியில் ஊற்றிப் பார்க்கும்போது விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் வையுங்கள். வால்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும், அந்த நிலையில் குறித்த அளவு எதற்கும் உதவாது. டேங்கை முழுக்க வடித்து, லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் காத்திருந்து விளக்கு அணையும் லிட்டரைக் குறியுங்கள். பிறகு மின்பம்பால் இன்ஜின் குழாய் வழியே லிட்டர் லிட்டராக வெளியேற்றி, விளக்கு எரியும்போது டேங்கில் மீதியுள்ள லிட்டரைக் குறியுங்கள். பம்ப் காற்று இழுத்த பிறகு உள்ளே தங்குவது எட்டாத மிச்சம். விளக்கு எரிந்தபோது குறித்த அளவிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் விளக்கின் பக்கத்தில் ஒட்டவேண்டிய எண். இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரே உயரத்தில் ஓட்டை போட்டிருந்தாலும் எண் ஒன்றாக வராது.